பொடி ஒட்டிய கை

உதயா,

இட்லிப்பொடி ஒட்டிய கையாலேயே நம் குட்டி மகள் ஆதிரைக்கு கேரட் துண்டை நீட்டிய மகான் நான்தான். காரம் பட்டுப் பிள்ளை அலறியது கேம்ப் ரோடு வரை கேட்டிருக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், "இனிமே அவ சாப்பாட்டுப் பக்கமே வராதீங்க"ன்னியே, அது இன்றைக்கு மட்டுமா, அவள் காலேஜ் முடிக்கும்வரைக்குமா? கேட்டால் கதவைச் சாத்துகிறாய்!

பூசணிக்காயை வேகவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கி டப்பாவில் வைத்திருக்கிறேன். கையைக் கழுவிவிட்டுத்தான், சத்தியமாக. பாதி தரைக்குப் போகும். போகட்டும், அவளே எடுத்துச் சாப்பிடட்டும்.

குமரேசன்

பி.கு. தண்ணி லாரி வந்தால் சம்ப் மூடியைத் திறந்துவிடு.

இன்னொன்று: சாயங்காலம் அவள் பக்கத்தில் நான் உட்காரலாமா, கூடாதா?

(அடியில், உதயாவின் கையெழுத்தில்)

உக்காரலாம். ஊட்டக் கூடாது. பூசணித் துண்டைக் கையில வச்சுக்கிட்டு உங்க நாற்காலியையே பார்த்துக்கிட்டிருக்கா. சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க.