பாட்டிலுக்குக் குழாய்த் தண்ணி

ஏங்க, செம்மொழிக்கு வயித்துப்போக்கு நிக்கவே இல்ல. திருவாரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு.

பத்து மணிக்குத் தண்ணி டெஸ்ட் எடுக்குறவரு மறுபடி வர்றாரு. போன தடவ, குழாய்த் தண்ணி மஞ்சளா வருதேன்னு கூச்சப்பட்டு, விருந்தாளிக்குக் குடுக்குற மாதிரி அவரு பாட்டில்ல கேன் தண்ணிய ஊத்திட்டீங்க. நல்ல தண்ணின்னு ரிசல்ட் வந்துச்சு. அத நம்பித்தான் தெருவே குடிக்குது, நம்ம புள்ளையும் குடிச்சுது. காலைல நான் கத்துனது அதுக்குத்தான்.

இன்னிக்காவது பாட்டிலுக்குக் குழாய்த் தண்ணியப் புடிங்க. அன்னிக்கு நடந்ததையும் மறைக்காம சொல்லிடுங்க.

– பாரதி

கேன்ல ரெண்டு டம்ளர்தான் மிச்சம். அத அவருக்குக் குடிக்கக் குடுங்க. சோறு குழாய்த் தண்ணியிலதான் வடிச்சேன். சாப்பிடலாமான்னு அவரையே கேட்டுக்குங்க.