சாறு விடாத குப்பி

அன்புள்ள உம்மாவுக்கு,

மலேசியா, சுபாங் ஜெயாவிலிருந்து ரிஸ்வானாவின் ஸலாம். முட்டி வலி குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன். ஒரு விஷயம் போன்ல சொல்ல வரல, அதான் எழுதுறேன்.

ஊதா மருந்துல இலைச்சாறு விட்டா நிறம் வெளுக்கும், எவ்வளவு வெளுக்குதோ அந்த இலையில அவ்வளவு சத்துன்னு சொன்னேன்ல. மெஷின் வாங்க வழியில்லாம, பிஸ்கட் டப்பாக்குள்ள சின்ன பல்பும் சென்சாரும் வச்சு நானே அளந்தேன். நீங்க காயவச்சு அனுப்பின முருங்கைதான் முதல்ல வந்துச்சு. சாச்சிகிட்டயெல்லாம் பெருமையா சொன்னீங்களே, இனி சொல்லாதீங்க.

ஒப்பிட்டுப் பாக்க, சாறு விடாத குப்பி ஒண்ணை முதல்லயே அளந்து, அதே டப்பாவுல ஓரமா வச்சுடுவேன். திரும்பப் பாக்க மாட்டேன். நேத்துதான் பாத்தேன். மூடி இடுக்குல புகுந்த வெளிச்சத்துலயே அதுவும் வெளுத்திருந்துச்சு. இத்தனை மாசம் அளந்தது எதுவும் செல்லாது. லேப்ல கூட இருக்கிற புனிதா அக்கா, இந்த ஊர் பேச்சுல, "மறுபடி செய்யலாம் லா"ன்னாங்க. தலையாட்டினேன். விசா முடியறதுக்குள்ள முடியாது உம்மா.

இருந்தாலும் டப்பா மேல போர்த்த உங்க பழைய கறுப்பு பர்தா ஒண்ணு அனுப்புங்க. கறுப்புத் துணி இங்கயும் கிடைக்கும்தான். துவைக்காம அனுப்புங்க.

லேப் பூட்டுறாங்க, முடிக்கிறேன். வீடியோவுல என் முகம் வெளுத்திருக்குன்னு கேட்டீங்களே, அது லைட்டால உம்மா, வேற ஒண்ணும் இல்ல.

ரிஸ்வானா