தலை நறுக்கிய ஆப்பிள்கள்

பாட்கோல், வடக்கு கியோங்சாங்
செப்டம்பர், திங்கட்கிழமை

மாண்புமிகு வணிகப் பேச்சுவார்த்தைத் துணைத் தலைவர் பே கியூசிக் அவர்களுக்கு,

உன் அக்கா மால்சுன் எழுதுவது. இப்படிக் கூப்பிட்டால்தான் இப்போதெல்லாம் நீ திரும்பிப் பார்ப்பாய் போலிருக்கிறது. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். அதுதானே உன் உத்தியோகம்! எனக்கு இப்போது சிரிக்க விருப்பமில்லை.

நீயும் உன் பெண்டாட்டி ஹேரிமும் சுகமாக இருங்கள். நான் சுகமாக இல்லை.

ஜூலை மாதம் எங்கள் கூட்டுறவுச் சங்கக் கூடத்துக்கு நீ வந்தது நினைவிருக்கிறதா? அமெரிக்காவோடு ஒப்பந்தம் முடிந்தது, அவர்கள் நம் கார்களுக்குப் போட்ட வரி குறையும், பதிலுக்கு அவர்களுடைய கப்பல் தளங்களில் நாம் முதலீடு செய்கிறோம், அரிசியும் ஆப்பிளும் பேச்சுவார்த்தை மேசைக்கே வரவில்லை என்றாய். ஒருவரும் நம்பவில்லை. நீ கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சிமெண்டுத் தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டாய். "நான் பே சாங்டோக் மகன். எங்கப்பா பேர்ல சொல்றேன், ஆப்பிள விட்டுக் குடுக்கல" என்றாய். கிழவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரமே கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெரியவர் தன் போனிலிருந்து எழுதிப் போட்டார். கொரியா எல்லாவற்றையும் திறந்துவிட்டதாம். காரும் அரிசியும் ஆப்பிளும் முழுசாகத் திறந்துவிட்டதாம். நீ வந்து அது பொய் என்று சொல்வாய் என ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. நீ வந்தாய். புது டை கட்டியிருந்தாய். "இரு தரப்பும் நெருக்கமாகப் பேசி வருகின்றன" என்று சொல்லிவிட்டுப் போனாய். எங்கள் வீட்டு நாய் இதைவிடத் தெளிவாகக் குரைக்கும்.

அதன் பலனை நான் அனுபவிக்கிறேன். தோட்டத்தில் ஹோங்னோ ஆப்பிள் சிவந்து நிற்கிறது. சுசோக் பண்டிகைக்கு முன்னால் சந்தைக்குப் போகாவிட்டால் அதைப் பன்றிக்குத்தான் போட வேண்டும். இந்த ஊரில் யாரும் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம் என்று கைமாற்று வேலைதான். ஆகஸ்டு முழுக்க மற்றவர்கள் தோட்டத்தில் ஏணி ஏறி என் முழங்கால் வீங்கிப்போனது. என் முறை வந்தது. எல்லோருக்கும் சோறாக்கி, மீன் குழம்பு வைத்து, வாசலில் நின்றேன். ஒருவரும் வரவில்லை. சங்கத் தலைவர் குவாக் பியோங்டே மட்டும் வண்டியை நிறுத்தினார், இறங்கவில்லை. "தேகியூன் அம்மா, உங்களுக்கு என்ன கவலை? பறிக்க அமெரிக்காலேருந்தே ஆள் அனுப்புவாங்கள்ல" என்றார். பின்சீட்டிலிருந்த அவர் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழம்பை நாய்க்கு ஊற்றினேன்.

இந்த நேரத்தில்தான் உன் அலுவலகத்துப் பெண் கூப்பிடுகிறாள். அமெரிக்கச் சிறப்புத் தூதருக்கு வியாழக்கிழமை விருந்தாம். "உங்க தோட்டத்து ஆப்பிள் வச்சா மரியாதையா இருக்கும்னு துணைத் தலைவர் நினைக்கிறாரு" என்கிறாள். நினைக்கிறாராம்! என் பழத்தைக் கடித்துக்கொண்டே என் தோட்டத்துக்குக் குழி தோண்டப் போகிறீர்கள்.

அனுப்புகிறேன். நம் வீட்டுக்கு வந்து கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பிய வழக்கமில்லை. துடைத்து, தட்டில் அடுக்கி, அப்படியே மேசையில் வைக்கிற மாதிரி அனுப்புகிறேன். உங்கள் சமையல்காரர்களுக்குச் சிரமம் வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுசோக்குக்கு முன்னால் டி.வி.யில் வந்து, ஆப்பிளைக் கொடுக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல். முடியாதென்றால் இந்த வருஷம் அப்பா திவசத்துக்கு வராதே. மது ஊற்றிக் கும்பிட மகன்தான் வேண்டும் என்று முன்னோர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நானே ஊற்றிக்கொள்கிறேன்.

கோபம் ஆறாத
உன் அக்கா மால்சுன்


சியோல்
சனிக்கிழமை

அக்காவுக்கு,

உன் கடிதம் புதனன்று வந்தது. அதற்குப் பொறுமையாகப் பதில் எழுத வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். வியாழக்கிழமை விருந்துக்குப் பிறகு அந்தப் பொறுமை போய்விட்டது.

உன் பழங்கள் மேசையின் நடுவில் இருந்தன. ஒவ்வொன்றின் தலையையும் மெலிசாக நறுக்கி, கறுக்காமலிருக்க உப்புத் தண்ணீர் தடவி, கால் வைத்த மரத்தட்டில் ஒற்றைப்படையாக அடுக்கியிருந்தாய். தலையை நறுக்கினால்தான் செத்தவர்களால் பழத்தைத் தின்ன முடியும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீ. ஒரு நாட்டின் தூதருக்கு முன்னால் திவசப் படையலை வைத்தாயே, உனக்கு எப்படி மனசு வந்தது?

யாராவது தடுத்திருப்பார்கள் என்று நினைப்பாய். ஹோட்டல் சமையல்காரி இளம்பெண். தாத்தா காலத்திலிருந்தே தேவாலயத்துக்குப் போகிற குடும்பம், வீட்டில் திவசமே கொடுத்ததில்லை. "தோட்டத்துலேருந்தே அலங்காரம் பண்ணி அனுப்பியிருக்காங்க சார், எவ்ளோ அழகு!" என்று என்னிடமே சொன்னாள். எங்கள் அமைச்சர் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் ஒருவரும் கை நீட்டவில்லை. தட்டை எடுக்கவும் முடியாது. எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். என்ன சொல்வது?

நாங்கள் மரியாதைக்காகக் காத்திருக்கிறோம் என்று தூதர் நினைத்துக்கொண்டார். "திறந்தே வச்சிருக்கீங்களே, என்ன ஒரு உபசாரம்!" என்று ஒன்றை எடுத்துக் கடித்தார். இரண்டாவதையும் தின்றார். வாயில் பழத்தோடு அங்கேயே தன் தலைவரைப் போனில் கூப்பிட்டார். அவர் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்க, இவர் ஆப்பிள் என்றார். நம்முடையதைவிட நல்லதா என்று அவர் கேட்டார். இவருக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "அப்ப அவங்களே வச்சுக்கட்டும் போ, எனக்கு எதுக்கு ஆப்பிளு" என்று மேசைக்கே கேட்கிற மாதிரி சொன்னார் அந்தப் பெரியவர். மூன்று சுற்றுப் பேச்சில் எங்களால் வாங்க முடியாத வார்த்தை அது.

சந்தோஷப்படாதே. மறுநாள் காலையில் அவர் எழுதிப் போட்டதில் முதல் வரி ஆப்பிள் வேண்டாம் என்பது. இரண்டாவது வரி, கார் பாகங்களுக்கான வரி அடுத்த மாதத்திலிருந்து ஏறுகிறது என்பது. காரணம் ஒன்றும் எழுதவில்லை. தூதரிடம் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. உன் மகன் தேகியூன் வேலை செய்கிற கார் கண்ணாடித் தொழிற்சாலை ஏற்றுமதியை நம்பித்தான் நடக்கிறது. அதற்கு நீதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவர் விஷயத்தில் எது எதிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாய். எங்களுக்கு முன்னால் வேறொரு நாட்டு அமைச்சர் வாயைத் திறந்தார். அந்தப் பெரியவர் எழுதிப் போட்டது பொய் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். விடிவதற்குள் அந்த நாட்டின் மேல் போட்ட வரி இரட்டிப்பானது. மறுத்தால் பெரியவர் அதை உண்மையாக்கிவிடுவார், மறுக்காவிட்டால் மறந்துவிடுவார். எங்கள் ராஜதந்திரம் மொத்தமும் இவ்வளவுதான் அக்கா. அவர் மறக்கிறவரை முதுகை வளைத்து உட்கார்ந்திருக்கிறோம். சண்டை போட்டுவிட்டுத் தனியாகப் போகவும் வழியில்லை. வடக்கே எல்லையில் நம் பிள்ளைகளோடு நிற்பது அமெரிக்கப் படை. இதைக் கோழைத்தனம் என்பாய். சொல்லிக்கொள்.

திங்கட்கிழமை மறுபடியும் வாஷிங்டன் போகிறேன், கார் பாகங்களுக்காக. திரும்பி வரும்போது என் நாற்காலி இருக்குமா தெரியாது. உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கேட்கப் பிடிக்காமல்தான் கேட்கிறேன். ஊரில் யாரும் ஜெயித்துவிட்டோம் என்று கூத்தடிக்காமல் பார்த்துக்கொள். தான் தோற்ற மாதிரி ஒரு படம் பெரியவர் கண்ணில் பட்டால் போதும், ஆப்பிள் திரும்பவும் மேசைக்கு வந்துவிடும். காரணத்தையும் யாரிடமும் சொல்லாதே. சொன்னால் அதுவும் செய்தியாகிவிடும்.

கியூசிக்


பாட்கோல்
வியாழக்கிழமை

தம்பி கியூசிக்குக்கு,

நீ ஊரில் இல்லை என்று தெரியும். ஹேரிம் வாங்கி வைத்திருப்பாள், வந்து படி.

உன் கடிதம் கைக்கு வருவதற்குள் கூத்து ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை காலையில் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் ஊரே ஏணியோடு நிற்கிறது. பியோங்டே அரிசிக் கள் கொண்டுவந்து எனக்கு முதல் கிண்ணம் ஊற்றினார், அதுவும் இரண்டு கையால். "உன் தம்பி சிங்கம்மா, சிங்கம்!" என்றார். அவர் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் சிரித்தேன். எனக்கும் இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன். பாதித் தோட்டம் பறித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பாலத்தருகே சாலைக்குக் குறுக்கே பெரிய துணிப் பதாகை கட்டினார்கள். 'அமெரிக்காவை மண்டியிட வைத்த பாட்கோலின் மைந்தன் பே கியூசிக்!' என்று ஆள் உயர எழுத்து. செவ்வாய்க்கிழமை டி.வி.காரர்கள் வருவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை மத்தியானம் உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு, கிளை வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன்.

பியோங்டே ஓடி வந்தார். "தம்பி பேரையே வெட்டுறியே, உனக்கு நெஞ்சுன்னு ஒன்னு இருக்கா?" என்று கத்தினார். ஏன் ஏன் என்று கேட்டார். நான் என்ன சொல்வது? எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன். "சியோல்ல பெரிய ஆளாயிட்டாங்க, நம்ம துணி இவங்களுக்கு அசிங்கமா இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். டி.வி.காரர்கள் வந்தபோது வாசற்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளேயே இருந்தேன். சங்கக் கூடத்தில் மைக் வைத்துப் பேசக் கிளம்பியவர்களிடம், பேசினால் கூடம் கட்ட நம் குடும்பம் கொடுத்த நிலத்தைத் திரும்பக் கேட்பேன் என்றேன். அப்படிக் கேட்பதற்கான பத்திரமே நம்மிடம் கிடையாது. அவர்களுக்கு அது தெரியாது.

இப்போது மறுபடி ஒருவரும் வருவதில்லை. மீதிப் பாதியை நானே பறிக்கிறேன். விழுந்ததை எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

தேகியூன் நேற்று வந்தான். வரி ஏறும் முன்பே ஆர்டர் நின்றுபோய், அவன் பிரிவில் வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஏணியில் நின்றபடியே கேட்டான், "ஏம்மா, மாமா பெரிய ஆளுதானே, ஒரு வார்த்தை தட்டிக் கேக்க மாட்டாரா?" அவனிடம்கூட நான் சொல்லவில்லை. கூடையைக் கீழே இறக்கு என்று மட்டும் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையை நீ எத்தனை பேரிடம் வாங்கியிருப்பாய் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதற்காக நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே. அந்தப் பழங்களைப் பற்றி நீ ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். அவற்றை அமெரிக்கர்களுக்காக நான் நறுக்கவில்லை. அந்தத் தூதர் யார், அவர் முகம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. உன்னை நினைத்துத்தான் நறுக்கினேன். எனக்குத் தம்பி இல்லை, செத்துவிட்டான் என்று ஒவ்வொரு பழத்துக்கும் சொல்லிச் சொல்லி நறுக்கினேன். உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டு எரிந்தது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அழுதேன்.

உன் பெரியவர் மறக்கட்டும். சீக்கிரம் மறக்கட்டும். உன் முதுகு அதுவரை தாங்கட்டும். உன் வயதில் அப்பாவுக்கு முதுகு போய்விட்டது, அதனால் விமானத்தில் தலையணை கேட்டு வாங்கிக்கொள்.

அப்பா திவசத்துக்கு வா. நான் வராதே என்று எழுதியதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. சாலை வழியாக வராதே, பின்பக்கம் ஓடைக் கரையோடு வா, ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல். மது ஊற்றிக் கும்பிட்டு முடித்த பிறகு ஜன்னலையெல்லாம் சாத்திவிடலாம். உன்னை வாய்விட்டுத் திட்ட வேண்டும் எனக்கு. நீயும் என்னைத் திட்டு. உனக்கும் சத்தம் போட்டு எத்தனை நாளாகியிருக்கும்.

உன் அக்கா
மால்சுன்