பத்து விரலும் இருந்த உடல்

அண்ணே,

இன்று காலை கடையில் ஸ்பிரிட் போத்தல் ஒன்று என் கை தவறி விழுந்து உடைந்தது. பதுளைக் கடைவீதியில் இந்த மருந்துக் கடைக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. ஸ்பிரிட் வாடை எனக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு போத்தல் முழுதும் சிமெந்துத் தரையில் பரவியபோது, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த நான் எட்டு வருஷத்துக்கு முந்திய அந்தப் பள்ளிக்கூட மண்டபத்து வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே அதே வாடை, வரிசையாக உடல்கள். வாசலில் நீ, இரண்டு கையையும் விரித்து என்னை மறித்துக்கொண்டு நிற்கிறாய்.

"பொம்பளப் புள்ள இதெல்லாம் பாக்கக் கூடாது. நான் பாத்துட்டேன். அம்மாதான்."

பகல் சாப்பாட்டு நேரத்தில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ செத்து ஐந்து மாதமாகிறது. நீ இருந்தவரை உன்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டேன். இனி அது முடியாது. இந்த மடலில் நீ வெறும் "நீ"தான்.

அம்மாவின் இடக்கைச் சுண்டுவிரல் பாதியில் நின்றுவிடும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது விறகு பிளக்கையில் போனது. எனக்குத் தலை பின்னும்போது அந்த மொட்டை விரல் பிடரியில் பட்டு உறுத்தும். நீ அம்மாவுக்கு "ஒம்பதர" என்று பட்டப்பெயர் வைத்திருந்தாய். "ஏய் ஒம்பதர, சோறு போடு" என்பாய். அம்மா அகப்பையைத் தூக்கிக்கொண்டு லயத்து வாசல் வரைக்கும் உன்னைத் துரத்துவாள். அந்தப் பெயரை வைத்தவன் நீ. இதை மட்டும் மறந்துவிடாதே.

ஹல்துமுல்லைக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து இறங்கிய அன்று நான் பதுளையில் படித்துக்கொண்டிருந்தேன். நீயும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தீர்கள். அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுக்கவென்று பக்கத்து வீட்டுக் காமாட்சி அத்தை அன்று கொழுந்து பறிக்கப் போகாமல் நின்றுவிட்டார். செல்லையா மாமாவின் மனைவி. அம்மாவுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே உயரம். வரிசை வீடுகளோடு இரண்டு லயங்கள் மண்ணுக்குள் போயின. ரோடு அடைபட்டிருந்ததால் நான் வந்து சேர்ந்தபோது மறுநாள் சாயங்காலம். வீடு இருந்த இடத்தில் சிவப்புச் சேறும் வேரோடு சாய்ந்த மரங்களும் கிடந்தன.

ஐந்தாம் நாள் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. முகம் இல்லை. அப்பா நான்கு நாளாக ஒரு வாய் சாப்பிடாமல் பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்து கிடந்தார். மழை விடவில்லை, உடல்கள் வந்துகொண்டே இருந்தன. வீட்டு ஆள் ஒருவர் பார்த்து இன்னார் என்று சொன்னால் போதும் என்றிருந்த நேரம். நீ உள்ளே போனாய். வெளியே வந்து சேலையை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னாய். கையெழுத்துப் போட்டாய். அன்றைக்கே புதைத்தோம். நான் பெட்டியின்மேல் விழுந்து அழுதேன். யாருடைய பெட்டியின்மேல் என்று உனக்குத் தெரியும்.

காமாட்சி அத்தையோடு சேர்த்து ஐந்து பேர் கிடைக்கவேயில்லை. சில வாரத்தில் தேடுவதை நிறுத்தினார்கள். செல்லையா மாமா நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சரிவில் ஏறுவார். அபாயப் பகுதி என்று பலகை நட்டார்கள், பொலிஸ்காரர்கள் இரண்டு முறை இறக்கிக் கூட்டிவந்தார்கள். மறு ஞாயிறு மறுபடி போவார். ஒரு நாள் நீயும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரோடு போனாய். சாயங்காலம் சேறும் வியர்வையுமாகத் திரும்பி வந்தாய். எனக்கு அன்று உன்னை நினைத்து எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! அவர் மனைவி எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே அவர் பக்கத்தில் நின்று மண்ணை வெட்டினாயே, உன் கை எப்படி அண்ணே எழும்பியது?

புது வீடுகள் கட்டியபோது மரணச் சான்றிதழ் இருந்த குடும்பங்களுக்கு முதலில் கொடுத்தார்கள். நமக்குக் கிடைத்தது. செல்லையா மாமாவின் மனைவி "காணாமல் போனவர்" பட்டியலில் இருந்ததால் அவர் காகிதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அவர் பழைய தேயிலை ஸ்டோரில் தகர மறைப்புக்குள் கிடந்தார். அண்ணியிடம் சொல்லி அவருக்குச் சோறு கொடுத்தனுப்புவாய். ஊர் உன்னைப் புகழ்ந்தது.

அப்பா சாகும்போது "என்னய ஒங்கம்மாவுக்குப் பக்கத்துல வையிங்க" என்றார். கேட்டது அது ஒன்றுதான். அவரைக் கொண்டுபோய் இன்னொருவர் மனைவிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாய்.

போன வருஷம் அந்தச் சரிவுக்கு அடியில் ஓடும் ஓடைக்குக் கீழே ரோட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. கிடைக்காமல் போன ஐந்து பேரின் வீட்டாரையும் டிஎன்ஏ மாதிரி கொடுக்கக் கூப்பிட்டார்கள். செல்லையா மாமா முதல் ஆளாகப் போய் நின்றார். அன்று சாயங்காலம் நம் வாசலில் உட்கார்ந்து அவர் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன்.

"எங்கிட்ட எடுக்க மாட்டேன்னுட்டாங்க தம்பி. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவன், என் ரத்தம் இதுக்கு ஒதவாதாம். பெத்த புள்ளதான் குடுக்கணுமாம்."

ஹாலிஎலயில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து கொடுத்துவிட்டுப் போனாள். சில மாதம் கழித்து மாமா மறுபடி வந்தார். "அது அவ இல்லயாம்" என்றார். நீ அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "வருத்தப்படாதீங்க மாமா. தேடுவோம்" என்றாய். தேடுவோம்! மற்றதையெல்லாம்கூட ஒரு பக்கம் வைத்துவிடுவேன். இந்த ஒரு சொல்லை என்னால் வைக்க முடியவில்லை.

ஐந்து வீட்டாரில் யாரோடும் அந்த எலும்பு பொருந்தவில்லை. அதனால் அதன் விவரத்தை, அடையாளம் தெரியாத எச்சங்களுக்கென்று இருக்கும் பொது இணையப் பட்டியலில் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். செல்லையா மாமாவுக்காகத்தான் நான் அதை அடிக்கடி திறந்து பார்ப்பேன். வேறு எங்காவது காமாட்சி அத்தை அகப்பட்டிருப்பாரோ என்று. ஒரு நாள் இதே இடத்தில், இதே பெட்டிகளுக்கு நடுவில், போனில் அந்த வரியைப் படித்தேன். பெண். வயது நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில். இடக்கைச் சுண்டுவிரலில் பழைய, ஆறிய துண்டிப்பு.

உடனே உனக்குத்தான் போன் பண்ணினேன். வேறு யாருக்குப் பண்ணுவேன்?

"அண்ணே, அம்மா வெரலு மாதிரியே போட்டிருக்காங்கண்ணே."

"ஒனக்குப் பைத்தியமா? அம்மாவ நாந்தான் மண்ணு போட்டேன். பழசக் கிண்டாத" என்றாய்.

"சும்மா ஒரு தடவ நீங்களும் வாங்கண்ணே. ரெண்டு பேரும் குடுத்தா உறுதியாத் தெரியுமாம்."

"வர மாட்டேன். நீயும் போவக் கூடாது."

போனேன். அலுவலகத்திலிருந்த பெண் பட்டியலை இரண்டு முறை புரட்டினாள். "ஒங்கம்மா காணாமப் போனவங்கள்ல இல்லயே. பதிவுல இறந்து, அடக்கமும் ஆயிருச்சே" என்றாள். விரலைப் பற்றிச் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே கூட்டிப்போனாள். பஞ்சுக் குச்சியால் கன்னத்துக்குள் தேய்த்தார்கள், அவ்வளவுதான். "அம்மாகிட்டருந்து பாதி ஒங்களுக்கு வந்திருக்கும். எலும்புல எடுத்ததோட அது சேருதான்னு பாப்பாங்க. நாளாகும்" என்றாள்.

அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. சிறுநீரகம் கெட்டு நீ பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடையை விட்டுத் தினமும் வந்து நின்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். கோபம் என்று நினைத்தேன். பயம் என்று இப்போது தெரிகிறது.

உன் சாவுக்குத் தோட்டமே வந்தது. "நல்ல மனுசன்" என்று ஆளுக்கு ஆள் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். செல்லையா மாமா உனக்கு வாய்க்கரிசி போட்டார்.

உன் கருமாதி முடிந்து மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ஓடைக்குக் கீழே கிடந்தவள் நம் அம்மா. காகிதத்தோடு நேராக அண்ணியிடம் போனேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டியதும் சுளகைக் கீழே வைத்துவிட்டார். அழவில்லை. அதிலிருந்தே எனக்குப் புரிந்துபோயிற்று.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமா அண்ணி?"

"சாவுறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னதான் சொன்னாரு. அந்த ஒடம்புல பத்து வெரலும் இருந்துச்சாம். காமாட்சி அத்தன்னு பாத்தவொடனே தெரிஞ்சிருச்சாம். ஒங்கப்பா அங்க சாப்பிடாமக் கெடந்தாருல்ல, அவரும் போயிருவாருன்னு பயந்து சொல்லிட்டாராம். அப்பறம் மாத்திச் சொல்ல முடியலயாம்."

அப்பாவுக்காகவாம். அப்பா செத்தது மூன்றாம் வருஷம். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் யாருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாய்? வீட்டுக்காகவா? "நல்ல மனுசன்" என்ற பெயருக்காகவா? அண்ணிக்கும் தெரியவில்லை. "தங்கச்சி, வெளிய சொல்லாத. நாங்க இங்கதான இருக்கணும்" என்று என் கையைப் பிடித்தார். நீ விட்டுப்போன பயத்தோடு இப்போது அந்த மனுஷி வாழ்கிறாள்.

நான் சொன்னேன். அன்று சாயங்காலமே செல்லையா மாமா வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே சொன்னேன். எங்கள் அம்மா வேறு இடத்தில் கிடைத்ததை, எங்கள் குழியில் இருப்பது அத்தையாக இருக்கலாம் என்பதை, தோண்டிச் சோதித்தால்தான் உறுதியாகும் என்பதை. கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஒங்கண்ணனுக்குத் தெரியுமா?"

தெரியாமல் நடந்த தவறு என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்ததும் நீதான். திங்கட்கிழமை விடியலில் பதுளை பஸ்ஸுக்கு என் பையைச் சுமந்துகொண்டு முன்னால் நடப்பாய். "கொழுந்துக் கூட தூக்குற பொழப்பு ஒனக்கு வேணாம். படிச்சுரு" என்பாய். அந்த அண்ணனைக் காப்பாற்ற ஒரு பொய் போதும். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மாமா" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நீதிமன்றத்தில் நீதவானின் உத்தரவு வாங்கிக் குழியைத் தோண்டினார்கள். மகளின் மாதிரி ஏற்கெனவே தரவுத்தளத்தில் இருந்ததால் இந்த முறை அதிக நாள் ஆகவில்லை. அது காமாட்சி அத்தைதான். அவரை மாமா மயானத்தில் தன் பேருக்கு ஒதுக்கிய இடத்தில் அடக்கம் செய்தார். குழியருகில் யாரையும் மண்ணைத் தொட விடவில்லை. மகளைக்கூட. எட்டு வருஷம் தோண்டிய கையால் தனியாக மூடினார். அம்மாவை நானும் தோட்டத்து ஆட்களும் அப்பா பக்கத்தில் வைத்தோம். அண்ணி வரவில்லை. இன்றுவரை என்னோடு பேசவும் இல்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மாமாவிடம் போனேன். "அண்ணனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் மாமா" என்றேன்.

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நீ எதுக்கும்மா கேக்குற? நீ என்ன செஞ்ச? நீ கேட்டு நான் குடுத்துட்டா அது அவனுக்குப் போயிச் சேந்துரும். அவனுக்கு நான் குடுக்க மாட்டேன்."

குரலில் கோபம்கூட இல்லை. கடைசி பஸ் போய்விடும், கிளம்பு என்று என்னை அனுப்பிவைத்தார்.

நானும் உனக்கு அதைக் கொடுக்கவில்லை அண்ணே. கொடுக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் உன் பேரில் நான் நீட்டி, அவர் வாங்காமல் திருப்பிவிட்ட அந்த மன்னிப்பு வேண்டுதல் என்னிடமே தங்கிவிட்டது. மருந்து எடுத்துக் கொடுக்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போதும், யாராவது உன்னை நல்லவன் என்று சொல்லும்போதும் அது கூடவே இருக்கிறது. உன்னோடு சேர்த்துப் புதைத்திருக்க வேண்டியது. அன்று எனக்குத் தெரியவில்லை.