ஆறாம் தொட்டி

12-11-1984, திங்கள்

வைரஸ் புகுந்து பண்ணையின் டிரவுட் மீன்கள் எல்லாம் செத்தபோது, ஆறாம் தொட்டியில் மட்டும் பதினேழு பிழைத்தன. எல்லாம் ஒரே தாய்மீனின் குஞ்சுகள். நோயைத் தாங்கும் சக்தி பரம்பரையாக வருகிறதா என்று அவற்றை வைத்துத்தான் பார்க்க இருந்தேன்.

சனிக்கிழமை மதுரை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், தொட்டி கழுவும் செல்லம்மா அக்காவிடம், "ஒன்னு விடாம அள்ளி, சுண்ணாம்பு போட்டுப் புதைச்சிருங்க" என்றேன். ஆறாம் தொட்டியை விட்டுவிடச் சொல்ல மறந்துவிட்டேன்.

"ஆறுல கெடந்ததுக துள்ளுச்சுங்க சார். மனசே கேக்கல. ஆனா நீங்க ஒன்னு விடாமன்னு சொன்னீங்களே" என்றார் இன்று. சுண்ணாம்பு பட்டு அவர் விரல்கள் வெந்திருந்தன. யாரைத் திட்ட?

ஆறாம் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார். "அடுத்த குஞ்சு எப்பங்க சார் வரும்?" என்று கேட்கிறார்.