இரண்டாவது சிரிப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. "கர்த்தருக்குள் பிரியமான" என்றுதான் நம் வீட்டுக் கடிதங்கள் தொடங்கும். இந்த முறை அதை விட்டுவிட்டேன். எனக்கே உறுதியில்லாத ஒன்றை உனக்கு எழுத மனம் வரவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். உன் மச்சானுக்கு முதுகுவலி தேவலை. சின்னவள் பரீட்சை முடிந்து வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறாள். நீ நன்றாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உடம்புக்கு முடியாதவர்கள் பேனாவை இவ்வளவு அழுத்த மாட்டார்கள். அதன் கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

சபைச் செயலாளர் உனக்குப் போன் செய்து, "நீங்க சொன்னாத்தான் கேப்பா" என்றாராம். உன்னோடு பாடகர் குழுவில் பாடிய மனுஷர், சரி. ஆனால் நடந்ததை என்னிடமும் ஒருமுறை கேள்.

சுவரோரப் பெஞ்சுகளில் காது கேளாதவர்கள் உட்காருவார்கள், போதகர் பேசுவதை நான் எதிரில் நின்று சைகை மொழியில் சொல்லுவேன், அது உனக்குத் தெரியும். அன்று ஆராதனை முடிந்து முற்றத்தில் நின்றபோது, அவர்களில் ஒருத்தி, தையல்காரி, ஒளிவுமறைவு தெரியாதவள், என்னைக் கேட்டாள்: இவ்வளவும் சொல்கிறாயே, இதையெல்லாம் நீ நம்புகிறாயா? தெரியவில்லை என்றேன். ஜெபிக்கும்போது யாரோ கேட்பதுபோல் முன்பெல்லாம் இருக்கும், இப்போது இல்லை என்றேன். அதைக் காதோடு காதாகச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று எழுதியிருக்கிறாய். சைகை மொழியில் ஏதண்ணா காதோடு காதாக? கையை வீசித்தான் பேச வேண்டும். வாசலருகே நின்ற செயலாளர் முழுவதையும் அங்கிருந்தே படித்துவிட்டார். அவருக்குச் சைகை சொல்லிக்கொடுத்ததும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

மறுநாளே சபைக் குழு கூடிவிட்டது. "நம்பிக்கை திரும்புற வரைக்கும் சும்மா உக்காருங்கம்மா, யாரும் உங்கள வெளிய போகச் சொல்லலியே" என்றார்கள். இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் "நம்புகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டுமாம். நீயும் அதையேதான் எழுதியிருக்கிறாய், ஒரு வார்த்தைதானே என்று. பொய் சொன்னால் நிற்கலாம், உண்மை சொன்னால் உட்கார வேண்டும். நல்ல நியாயம்!

போதகரின் மனைவி வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மனசில் என்ன கஷ்டம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றால் நம்பவே இல்லை. யாரும் சாகவில்லை, வியாதி வரவில்லை, உன் மச்சானும் தங்கமான மனுஷர். ஒரு கேள்வி வந்தது, வந்தது போகவில்லை, அவ்வளவுதான். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துதான் இருந்தேன், தையல்காரியின் பக்கத்தில். என் இடத்தில் செயலாளர் நின்றார். படிப்பது வேறு, பேசுவது வேறு என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போதகர் பத்து வரி போவதற்குள் இவர் கை ஒரு வரியில் சிக்கிக்கொண்டது. தையல்காரி கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பிறகு போதகர், தன் பிரசங்கத்தில் தன் மனைவியே தூங்கிவிழுந்த கதையைச் சொன்னார். சபை சிரித்தது. நீ போன பிறகு இங்கே ஒரு பழக்கம் வந்திருக்கிறது. முதலில் சபை சிரிக்கும். நான் கையால் சொல்லி முடித்ததும் சுவரோரத்திலிருந்து இன்னொரு சிரிப்பு, கட்டிடமே அதிர வரும். அது வந்த பிறகுதான் போதகர் அடுத்த வரிக்குப் போவார். அன்றும் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வரவில்லை. அவர் சுவரோரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்தில் எழுந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. செயலாளர் ஒதுங்கி வழிவிட்டார், மனசாரவா பயத்திலா என்று தெரியாது. அந்தக் கதையை முதலிலிருந்து கையால் சொன்னேன். இரண்டாவது சிரிப்பு வந்தது பார், போதகரின் மனைவியே விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பின் பிரசங்கம் முடியும்வரை நான்தான் நின்றேன்.

நம்பாதவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறாய். போதகர் "நான்" என்றால் என் கையும் "நான்" என்றே சொல்லும். அது அவருடைய நான். அதை ஒரு எழுத்துக் குறையாமல் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் வேலை. வாரமெல்லாம் மருந்துக் கம்பெனியில் பெட்டிகளில் லேபிள் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறேன். இந்தச் சைகை மொழியும் அங்கே கூட வேலை செய்கிற காது கேளாதவர்களிடம் கற்றதுதான். ஞாயிறு மதியம் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கும், வீட்டுக்கு வந்து சாப்பிட்டால் அவ்வளவு ருசி. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது அண்ணா. வேறெப்படிச் சொல்வது?

வரும் ஞாயிறு, ஆராதனைக்கு முன்பே குழு மறுபடி கூடுகிறதாம், கீழ்ப்படியாமை பற்றிப் பேச. பேசட்டும். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லப்போவதில்லை, இடத்தையும் விடப்போவதில்லை. விளக்கை அணைத்தால் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று சொல்வேன்.

இப்போது உன் கடைசி வரி. நான் திருந்தும்வரை உன் ஜெபத்தில் என் பெயரைச் சொல்லப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். மற்றதற்கெல்லாம் சண்டை போட்டுவிட்டேன், இதற்கு எனக்குச் சண்டை போடத் தெரியவில்லை. நிறுத்தாதே அண்ணா. கேட்கிறவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. சொல்கிறவன் நீ இருக்கிறாய் என்பது தெரியும். தினமும் சொல், சத்தமாகவே சொல்.

அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இன்னும் நின்றுகொண்டிருக்கும்
உன் தங்கை