மடியிலிருந்த கைப்பை

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அண்ணனைக் கேட்டால், "அவளை விடு, கொஞ்ச நாள் தனியா இருக்கட்டும்" என்று முடித்துவிடுகிறான். அதனால்தான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று பொதுக்கூட்டத்தில் நீங்கள் பேசியதை நினைத்தால் இன்னும் பெருமையாக இருக்கிறது. தையல் ஆலை சூப்பர்வைசர் ஒருத்தி, கழிப்பறைக்குப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டிய பெண்களுக்காக எங்கள் பெண்கள் சங்க மேடையில் வந்து நிற்பது லேசான காரியமா? அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டி வீடியோவாகச் சுற்ற விட்டிருக்கிறார்கள். சங்கத்தின் இணையப் பக்கத்துக்கு யாரோ அனுப்ப, சரிபார்க்காமல் போட்டுவிட்டோம். யார் வெட்டியது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? கூட்டத்தில் நீங்கள் கொடுத்துவிட்டுப் போன உங்கள் கைப்பை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரட்டுமா?

உங்கள் வாயாடி

ஜூன் 11

என் வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. வாத்தியார் ஆகியும் கோழிக் கிறுக்கல் போகவில்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை, பசிதான் இல்லை. போனைத் திறந்தால் அந்த வீடியோவின் கீழே முகம் தெரியாதவர்களெல்லாம் வண்டை வண்டையாகத் திட்டுகிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் வரிசையில் தைக்கும் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்களே, அதுதான் முடியவில்லை. அவர்கள் யாரும் அன்று கூட்டத்துக்கு வரவில்லை. "ரெண்டு தடவைக்கு மேல போகாதேன்னு நான்தான் சொன்னேன்" என்பதோடு வீடியோ முடிகிறது. "மேலேயிருந்து சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன். சங்கம் போட்ட வழக்கு விசாரணையிலயும் வந்து சொல்றேன்" என்றது யாருக்குத் தெரியும்?

நேற்று உன் வகுப்பு ஞாபகம் வந்தது. நூலகத்தில் பெண்களை உட்காரவைத்து, எந்த வீடியோ வந்தாலும் கேட்கச் சொல்வாயே: இதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, எடுத்தவர் எங்கே இருந்தார்? கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து நானும் படித்தவள்தானே, கேட்டுப் பார்த்தேன். எடுத்தவர் முன்வரிசையில் இருந்திருக்கிறார். படத்தின் கீழ் ஓரத்தில் என் கைப்பையின் பச்சைப் பிடி தெரிகிறது. மேடையேறும்போது அதை உன் மடியில் வைத்துவிட்டுப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

அண்ணி

ஜூன் 15

அண்ணி,

நான்தான். எடுத்ததும் நான், வெட்டியதும் நான். போன கடிதத்தில் எழுதியதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

நீளமாக இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். சூப்பர்வைசரே ஒத்துக்கொண்டால் ஆலை முதலாளி வாய் திறக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். உங்கள் முகத்தை மங்கலாக்கினேன். யாருக்கும் தெரியாது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தினமும் அந்தக் குரலைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல காரியத்துக்காக வெட்டினால் தப்பில்லை என்று எவளாவது வகுப்பில் சொல்லியிருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

முழுசையும் போட்டுவிடலாம் என்றேன். சங்கத் தலைவி, "மாசக் கடைசியில விசாரணை. நாமதான் வெட்டினோம்னு ஒத்துக்கிட்டா, நம்ம மத்த வீடியோவும் பொய்னு சொல்லிடுவாங்க. அந்தப் பொண்ணுங்க கதி என்ன ஆகறது?" என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள் அண்ணி. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உங்கள் வாயாடி

ஜூன் 18

வாயாடிக்கு,

என்னைக் கேட்காதே. போடு என்றால் அந்தப் பெண்களின் வழக்கு கெட்ட பழி என் தலையில் விழும். வேண்டாம் என்றால், நானே சம்மதித்து என் பெயரைக் கெடுத்துக்கொண்டதாக ஆகும். வெட்டும்போது என்னைக் கேட்டாயா?

அண்ணி

ஜூன் 24

அண்ணிக்கு,

நேற்று வகுப்பில் இரண்டையும் போட்டுக் காட்டினேன். உங்கள் வரிசைப் பெண்களையும் வீடு வீடாகப் போய் அழைத்திருந்தேன். "எடுத்தவர் எங்கே இருந்தார்?" என்று வழக்கம்போலக் கேட்டேன். ஒருத்தி, "டீச்சர், கீழ யாரோட பையோ தெரியுதே" என்றாள். பையை எடுத்து மேசைமேல் வைத்து, நான்தான் என்று சொன்னேன்.

உங்களிடம் பட்டன் தைக்கும் பெண் எழுந்தாள். "அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்காம மூஞ்சியத் திருப்பிக்கிட்டோம். எங்களையும் பாவியாக்கிட்டீங்களே டீச்சர்" என்றாள். எனக்கு வந்த அழுகையை அங்கே அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

சங்கத்தின் பக்கத்திலும் என் பெயரோடு முழுசையும் போட்டுவிட்டேன். தலைவி வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். ஆலை வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறார். விசாரணைக்கு வாருங்கள் என்று உங்களைக் கேட்க எனக்கு வாயில்லை.

பையை நேரில் கொண்டு வந்து கொடுக்கலாமா அண்ணி?

வாயாடி

ஜூன் 30

நாத்தனாருக்கு,

விசாரணைக்குப் போனேன். ஆலை வக்கீல், "இது வெட்டின வீடியோ" என்று குதித்தார். "வீடியோவை விடுங்க சார், ஆளே வந்து நிக்கறேன்" என்று ஆரம்பித்து முழுசையும் சொன்னேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை. என் வேலை நிலைக்குமா என்றும் தெரியவில்லை. என் வரிசைப் பெண்கள் வெளியே காத்திருந்தார்கள், பட்டன் தைப்பவள் தண்ணீர் கொடுத்தாள்.

நீ எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டது நல்லது. வெட்டியதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். "கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்" என்று எனக்கே எழுதினாய் பார், அதுதான் ஆற மாட்டேன் என்கிறது. அன்று அத்தனை கூட்டத்தில், பையை யாரிடம் கொடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை.

அதை உன் அண்ணனிடம் கொடுத்தனுப்பு.

அண்ணி